பொது ஸ்டுடியோவில் பறையும் பாட்டும் பதிவு செய்வது எப்படி?

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக நடத்தும் இலவச ஸ்டுடியோவில் ஒரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் தருவார்கள். போன மாதம் பறையோடு ஒரு தெம்மாங்குப் பாட்டைப் பதிவு செய்யப் போனோம். அதில் ஒன்றரை மணி நேரம் ஒரே சிக்கலில் போய்விட்டது. அடுத்து போகிறவர்களுக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அங்கே மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி (ஆடியோ இன்டர்ஃபேஸ்) ஸ்கார்லெட் 2ஐ2 (மூன்றாம் தலைமுறை), கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ஒரு குரலை மட்டும் வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டுக்கொண்டே மேலே பாட வேண்டுமென்றால் என் ஓட்டு ரீப்பருக்குத்தான். வீட்டில் பழகிப் பார்க்க 60 நாள் இலவசமாகவே கிடைக்கும்.

முதல் வேலை, உங்களுக்கு முன்னால் வந்தவர் வைத்துப் போன அமைப்புகளைக் கலைப்பது. மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு கெய்ன் திருகையும் அடிவரை குறையுங்கள், 48 வோல்ட் பொத்தானை அணையுங்கள், அப்புறம் கேபிளைச் செருகுங்கள். கேபிள் வழியே மின்சாரம் கேட்கும் கண்டென்சர் வகை மைக் மாட்டினால் மட்டும் 48 வோல்ட் வேண்டும். எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் டைனமிக் வகை மைக், அவற்றுக்கு வேண்டாம்.

அடுத்து பறை. வெளியிலேயே காய்ச்சிவிட்டுக் கொண்டு போங்கள், ஏசி அறையில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். எஸ்எம்57 மைக்கை இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து, வாசிப்பவரை அவரால் முடிந்த அளவு ஓங்கி அடிக்கச் சொல்லி, ரீப்பரில் மீட்டர் -12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெய்னை வையுங்கள். மெதுவாக அடித்துக் காட்டும்போது அளவு வைத்தால் பாட்டு சூடு பிடித்ததும் அடிக்குச்சி விழும் இடமெல்லாம் சிவப்பு எரியும். அப்படி உடைந்த ஒலியைப் பிறகு எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது.

இனி எங்களை மாட்டவைத்த இடம். பறையைப் பதிந்துவிட்டு, ஹெட்போனில் அதைக் கேட்டபடி அக்கா பாட ஆரம்பித்தார். நன்றாகத் தாளம் நிற்கிறவர், இரண்டாவது வரியிலேயே பின்தங்கினார். திரும்பத் திரும்பப் பாடியும் அதேதான். கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எனக்குப் பின்னாடி யாரோ பாடுற மாதிரி இருக்குப்பா" என்றார். அப்போதுதான் புரிந்தது. குரல் கணினிக்குள் போய்த் திரும்பி வந்து அவர் காதில் விழுகிறது. கணினி ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை துணுக்காகச் சேர்த்துக் கையாள்கிறது என்பதுதான் பஃபர். யாரோ மிக்ஸிங்குக்காக அதை 1024 என்று வைத்திருந்தார்கள். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 துணுக்கில், குரல் உள்ளே போக 21 மில்லி விநாடி, திரும்பி வர 21. தன் குரலே தாமதமாகக் கேட்டால் எப்பேர்ப்பட்ட பாடகரும் இழுப்பார்.

தீர்வு இரண்டு சொடுக்கு. ஸ்கார்லெட்டின் முன்பக்கம் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள். குரல் கணினியைச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும். அதோடு ரீப்பரில் அந்தக் குரல் டிராக்கின் ரெக்கார்ட் மானிட்டரிங்கை (பதியும் ஒலியைக் கணினி வழியாகத் திருப்பிக் கேட்க வைப்பது) அணைக்க வேண்டும். இதை மறந்தால் நேர்க்குரல் ஒன்று, தாமதக்குரல் ஒன்று என இரண்டும் சேர்ந்து கேட்கும். எங்களுக்கு நடந்தது அதுவும்தான். பாடும்போதே காதில் எதிரொலி வேண்டும் என்பவர்கள் டைரக்ட் மானிட்டரை விட்டுவிட்டு, ரீப்பர் வழியாகவே கேட்டு, பஃபரை 128க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

சேமிக்கும்போது 'காப்பி ஆல் மீடியா இன்டு ப்ராஜெக்ட் டைரக்டரி' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் கோப்பு மட்டும் பென் டிரைவில் வரும், ஒலி ஸ்டுடியோ கணினியிலேயே தங்கிவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி பிடிக்கும். கிளம்பும் முன் ஃபோல்டரின் அளவை ஒரு தடவை பாருங்கள்.

பிற்சேர்க்கை: குரல் ஒரு காதில்தான் கேட்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டைரக்ட் மானிட்டர் ஸ்டீரியோவில் இருக்கிறது, மோனோவுக்கு மாற்றுங்கள். இன்னொருவர் எல்லாம் செய்தும் தாமதம் போகவில்லை என்றார். கேட்டால் கணினியோடு ப்ளூடூத் ஹெட்போனை இணைத்திருக்கிறார். பதிவுக்கு அது வேண்டவே வேண்டாம். ஒயர் வைத்த, காதை முழுக்க மூடும் ஹெட்போனை ஸ்கார்லெட்டிலேயே செருகுங்கள்.