வார்டில் பயந்து கிடக்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவது? புதிதாக டியூட்டிக்கு வரும் நர்ஸ்களுக்கு

ஆபரேஷனைப் பற்றி டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ராத்திரி 2 மணிக்கு எழுப்பி பி.பி. பார்ப்பது எதற்கு, ஒரே நாளில் எதற்கு மூன்று டியூப் ரத்தம், கையில் மாட்டியிருப்பதை எப்போது கழற்றுவார்கள் என்பதையெல்லாம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, நமக்கு அது தினமும் செய்கிற வேலை என்பதால் சொல்லத் தோன்றுவதும் இல்லை. சென்னையில் சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.ஹெச். ஆகட்டும், கிரீம்ஸ் ரோடு பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஆகட்டும், நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பது பாதி நேரம் இந்தச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். இதைத் தீர்க்க டாக்டர் வர வேண்டியதில்லை, நீங்கள் போதும்.

முதல் படி: அது பயம்தானா என்று பாருங்கள்

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், படபடப்பு, வியர்வை, மூச்சு வாங்குவது, "என்னவோ பண்ணுது சிஸ்டர்" என்று சொல்வது எல்லாம் சர்க்கரை இறங்கினாலும் வரும், ஆக்சிஜன் குறைந்தாலும் வரும், மாரடைப்பிலும் வரும், உள்ளே ரத்தம் கசிந்தாலும் வரும். அதனால் ஆறுதல் சொல்வதற்கு முன் நாடி, பி.பி., ஆக்சிஜன் அளவு, விரலில் குத்தி சர்க்கரை, நான்கையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தாலோ வேறு ஏதாவது சரியில்லை என்று பட்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நோயாளி பார்வைக்குச் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அப்போதும் கூப்பிடுங்கள். "பயப்படுறாங்க, வேற ஒண்ணும் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிற முடிவை அவசரமாக எடுக்கவே கூடாது.

இரண்டாம் படி: சொல்வதற்கு முன் கேளுங்கள்

"இதைப் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். பதிலில்தான் பயம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் அதைப் பார்த்ததும் நடுங்கினால், அவர்கள் மனதில் ஓடுவது நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம். அந்தப் பழைய தடுப்பூசியை இந்தியாவில் 2004-ஓடு நிறுத்திவிட்டார்கள், நாய்க்கடிக்கே இப்போது கையில்தான் போடுகிறோம். ஆனால் அந்த வலியைப் பற்றிய பேச்சு இன்னும் வீடுகளில் இருக்கிறது. "இது அந்த ஊசி இல்லம்மா, சின்ன ஊசி, தோலுக்கு அடியிலதான் போகுது, படுத்தே இருக்கிறதால கால்ல ரத்தம் கட்டாம இருக்க" என்று சொன்னால்தான் பயம் இறங்கும். கேட்காமல் விட்டிருந்தால் நீங்கள் ஊசியைப் பற்றி மட்டும் விளக்கிக்கொண்டிருப்பீர்கள், அவர் நாயைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்சுலினும் இப்படித்தான். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு வார்டில் இன்சுலின் போட்டதும் "முத்திப்போச்சு, இனிமே ஆயுசுக்கும் ஊசிதான்" என்று குடும்பமே உடைந்துபோகும். ஆபரேஷன், காய்ச்சல், தொற்று இருக்கும் நாட்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கத் தற்காலிகமாக இன்சுலினுக்கு மாற்றுவது வழக்கம், பலர் மறுபடி மாத்திரைக்கே போவார்கள். யார் போவார்கள், யார் தொடர வேண்டும் என்பதை மட்டும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள், நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆக்சிஜன் மாஸ்க்கும் அதே கதை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையைப் பார்த்த ஊர் இது, மாஸ்க் வைத்ததுமே வீட்டுக்காரர்கள் அழ ஆரம்பித்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாம் படி: எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்

என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வது பாதிதான். உடம்பில் எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் இருக்கும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. 1964-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சாட்சி. ஆபரேஷனுக்குப் பிறகு வலி எங்கே வரும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று மயக்க மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்த நோயாளிகளுக்கு, மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி வலி மருந்துதான் தேவைப்பட்டது.

மருந்து ஏற்றுவதற்காகக் கை நரம்பில் மாட்டும் வென்ஃப்ளானைப் போடும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "குத்தும்போது சுருக்குனு வலிக்கும் அண்ணா, கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஊசியை வெளிய எடுத்துடுவேன், உள்ளே மெல்லிசா பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான் இருக்கும்." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஊசி உள்ளேயே இருக்கிறது என்று நினைத்து ராத்திரி முழுக்கக் கையை மடக்காமல் தூக்கிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எரிந்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொள்ளாமல் கூப்பிடச் சொல்லுங்கள்.

"வலிக்கவே வலிக்காது", "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பதெல்லாம் வேண்டாம். தடிமனான பச்சை நிற வென்ஃப்ளான் போட்டு ஒருமுறை இப்படிச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

ரத்தம் எடுக்கும்போது: மூன்று டியூப் என்றாலும் சுமார் 10 மில்லி, இரண்டு டீஸ்பூன், பெரியவர்கள் உடம்பில் இருப்பது 5 லிட்டர் அளவு. ஒவ்வொரு டியூபுக்குள்ளும் வேறு வேறு மருந்து இருப்பதால்தான் ஒன்றிலேயே எல்லா டெஸ்ட்டும் செய்ய முடிவதில்லை, ஊதா மூடி ரத்த அணுக்களை எண்ண, சாம்பல் மூடி சர்க்கரைக்கு.

சி.டி. ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, வாயில் ஏதோ உலோக ருசி வந்து, சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பாவம், கூச்சத்தில் யாரும் அங்கே கேட்கமாட்டார்கள்.

நான்காம் படி: "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "வீட்ல இருந்து போன் பண்ணி கையில என்ன போட்டிருக்காங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் தன் வார்த்தையில் சொல்லும்போது எங்கே தவறு என்று தெரிந்துவிடும், அதை மட்டும் திருத்தினால் போதும்.

ஐந்தாம் படி: அட்டெண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

நோயாளியுடன் கூட இருந்து பார்த்துக்கொள்பவரைத்தான் அட்டெண்டர் என்கிறோம். ஆபரேஷனுக்கு முன் அவர்களிடம் "ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால், மனசு கேட்காமல் பிளாஸ்க்கில் இருந்து அரை டம்ளர் காபி கொடுத்துவிடுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று காரணத்தோடு சொல்லுங்கள். பொதுவாக லேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். பால் காபி தண்ணீர்க் கணக்கில் வராது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் டாக்டர் வேறு நேரம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

தெலுங்கோ இந்தியோ வங்காளமோ மட்டும் தெரிந்த நோயாளி என்றால், அந்த மொழி தெரிந்த சக ஊழியரைக் கூப்பிடுங்கள். கூட வந்த சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அந்தக் குழந்தை அந்த வயதில் கேட்கக்கூடாததைக் கேட்க நேரும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான், ஒரு ஷிஃப்டில் எத்தனை கட்டில் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இதற்கென்று தனியாக உட்கார வேண்டாம். பி.பி. பட்டை கட்டும்போது, பிளாஸ்டர் ஒட்டும்போது, கை வேலை செய்யச் செய்ய வாய் பேசட்டும். பி.பி. மெஷின் ஓடும்போது மட்டும் இரண்டு பேரும் பேசாமல் இருங்கள், பேசினால் அளவு கூடிக் காட்டும்.

கடைசிப் படி: ஷிஃப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போங்கள்

"7-வது கட்டில் அம்மாவுக்கு வயித்து ஊசின்னா பயம், நாய்க்கடி ஊசி இல்லைன்னு சொல்லியாச்சு, ராத்திரி டோஸுக்கு முன்னாடி இன்னொரு தடவை சொல்லிட்டுப் போடுங்க." இந்த ஒரு வரியை மருந்து விவரத்தோடு சேர்த்து எழுதியும் வையுங்கள். நாளைக்கே ஆறு படியையும் செய்ய வேண்டாம், வென்ஃப்ளானில் மட்டும் ஆரம்பியுங்கள், அது பழகியதும் ஹெப்பாரின், அப்புறம் இன்சுலின்.