ஊர் பேர் தெரியாத பழைய ஃபைபர் படகுக்கு எந்த மோட்டார் பூட்டலாம்?

அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் செய்த 14 அடி ஃபைபர் கிளாஸ் படகுகள் இன்றும் பல வீட்டுக் கொல்லைகளில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. டிரெய்லரோடு சேர்த்தே அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆனால் மோட்டாரும் இருக்காது, யார் செய்தது என்ற விவரமும் இருக்காது. நான் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. மோட்டாரை விலை பேசுவதற்கு முன் அதைத் தாங்கப்போகும் படகை அறிந்துகொள்ள வேண்டும் என்பதால், நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. எண்ணைப் படித்தல்

முகப்பில் பெரிதாக ஒட்டியிருப்பது மாநிலப் பதிவெண். அது இங்கே உதவாது. 1972 நவம்பர் 1 முதல் செய்த ஒவ்வொரு படகிலும் 12 இலக்கமுள்ள அடையாள எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். படகின் பின்னால் நின்று பார்த்தால், பின்பலகையின் (மோட்டாரைப் பூட்டும் பின்சுவர்) வலப்பக்க மேல் ஓரத்தில் அது இருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள், எழுத்தே தேய்ந்துவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், எழுத்துகளின் பள்ளங்கள் நிழலாக எழுந்து தெரியும்.

முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரின் குறியீடு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் இணையப் பட்டியலில் தேடினால், மூடப்பட்ட நிறுவனங்களின் பெயர்கூட வரும். ஒரே குறியீடு பின்னாளில் வேறொரு நிறுவனத்துக்கும் தரப்பட்டிருக்கலாம் என்பதால், ஆண்டைக் கண்டுபிடிக்காமல் பெயரை நம்பக் கூடாது.

ஆண்டு கடைசி நான்கு இலக்கங்களில் இருக்கிறது, குழப்பமும் அங்கேதான். 1984 வரை இரண்டு முறைகள் வழக்கில் இருந்தன. '0378' என்றால் நேரடியாக 1978 மார்ச். 'எம்78ஏ' என்றால் 1978 மாடல், ஆனால் செய்தது 1977 ஆகஸ்டில். ஏனெனில் அந்த முறையில் மாதக் கணக்கு ஆகஸ்டை 'ஏ' எனக் கொண்டு தொடங்குகிறது. 1984 ஆகஸ்டுக்குப் பிந்தைய முறையிலோ 'ஏ' ஜனவரியைக் குறிக்கும்: 'எச்586' என்பது 1985 ஆகஸ்டில் செய்த 1986 மாடல். ஒன்பதாவது இலக்கத்தை மட்டும் பார்த்தாலே எந்த முறை என்று தெரிந்துவிடும். அது எண்ணாக இருந்தால் முதல் முறை, 'எம்' என்றால் இரண்டாவது, 'ஏ' முதல் 'எல்' வரை ஏதாவது இருந்தால் புதியது. பன்னிரண்டு மாதங்கள் 'எல்' எழுத்தோடு முடிந்துவிடுவதால், புதிய முறையில் 'எம்' வரவே வராது.

2. பின்பலகையைச் சோதித்தல்

பெரும்பாலான பழைய படகுகளில் ஃபைபருக்கு நடுவே பிளைவுட் இருக்கும். திருகுத் துளைகள் வழியே நீர் இறங்கி அது உளுத்துப்போகும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்றும் உளுத்த இடத்தில் மொத்தென்றும் ஒலிக்கும். ஈரமானியை நான் நம்புவதில்லை. உட்புறத்தில் தாழ்வான ஓரிடத்தில் சிறு துளையிட்டு, துரப்பணத்தில் வரும் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் துளையை எபாக்ஸியால் அடைத்துவிடலாம். கருத்த ஈரச்சக்கை வந்தால், பலகையை மாற்றும்வரை மோட்டார்ப் பேச்சே வேண்டாம்.

3. குதிரைத்திறனைக் கணக்கிடுதல்

20 அடிக்குக் குறைந்த படகில் கொள்திறன் தகடு (அதிகபட்சக் குதிரைத்திறனைப் பொறித்த தகடு) இருந்தால் அதில் உள்ளதே வரம்பு. தகடு இல்லையென்றால், நீளத்தையும் பின்பலகையின் அதிகபட்ச அகலத்தையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்குங்கள். 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 70. முன்னிருந்து திருப்பும் ஸ்டீயரிங்கும் 20 அங்குலப் பின்பலகையும் இருந்தால், அதை இரட்டித்து 90ஐக் கழிக்க 50 குதிரைத்திறன் வரும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும், 0.8ஆல் பெருக்கி 25ஐக் கழிக்க வேண்டும். 31 வரும், அதை 35 வரை உயர்த்திக்கொள்ளலாம். அதிலும் தட்டையான அடிப்பாகமும் கூர்மையான விளிம்பும் உள்ள படகானால் 0.5ஆல் பெருக்கி 15ஐக் கழித்து, 20 மட்டுமே. பெருக்குத்தொகை 52ஐத் தாண்டாத குட்டிப் படகுகளுக்குத் தனி அட்டவணை உண்டு.

இந்தக் கணக்கு எடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் காலப் படகுகள் இலகுவான டூ ஸ்ட்ரோக் மோட்டார்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்றைய 40 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவை ஒட்டி நிற்கும். என் கருத்தில் 14 அடிப் படகுக்கு 25 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் போதும். அது சுமார் 60 கிலோதான். எவின்ரூட் மோட்டார் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டதால், உதிரிபாகம் கைவசம் இல்லாதவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பின்பலகையின் உயரத்தை நடுவில் செங்குத்தாக அளந்து, 15 அங்குலத்துக்கு ஷார்ட் ஷாஃப்ட்டும் (குட்டைக் கால் மோட்டார்) 20 அங்குலத்துக்கு லாங் ஷாஃப்ட்டும் (நீளக் கால் மோட்டார்) வாங்குங்கள். பழைய மோட்டாரானால், முதலில் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் படகு மந்தமாகவே ஓடுகிறது என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். தளத்துக்கு அடியில் உள்ள மிதவை ஃபோம் நீர் குடித்திருக்கலாம். லாரி எடைமேடையில் டிரெய்லரோடு ஒருமுறையும் டிரெய்லரைத் தனியாக ஒருமுறையும் நிறுத்தி, வித்தியாசத்தை அந்த மாடலின் பழைய விற்பனைக் கையேட்டில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். நூறு கிலோ கூடுதலாக இருந்தால் தளத்தைத் திறந்து ஃபோமை வெட்டியெடுப்பதுதான் வழி. பெரிய மோட்டார் அதற்குத் தீர்வாகாது.