கால்நடை மருத்துவ மாணவர்கள் முதல் வேலையை எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

உள்ளிருப்புப் பயிற்சி முடிய இரண்டு வாரங்களே இருக்கும் நிலையில், "சார், எங்காவது இடம் இருந்தால் சொல்லுங்கள்" என்று அழைக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். தேடலை எப்போது தொடங்க வேண்டும் என்பதை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பி.வி.எஸ்சி. என்னும் கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் பரிந்துரை இது: நான்காம் ஆண்டின் முதல் விடுமுறையிலேயே பணியிடங்களைப் பார்க்கத் தொடங்குங்கள், பயிற்சியின் எட்டாம் மாதத்தில் விண்ணப்பம் அனுப்புங்கள். இடைப்பட்ட காலத்தில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காலக்கணக்கு. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் நான்கரை ஆண்டுகள் பாடம், கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அந்த ஓராண்டைப் படிப்பின் எச்சமாக நினைக்காமல், வேலையின் தொடக்கமாக நினைப்பவர்களுக்கே நல்ல இடங்கள் அமைவதைக் கண்டிருக்கிறேன்.

படி 1: நான்காம் ஆண்டு விடுமுறைகளில் பணியிடங்களைப் பாருங்கள்

இப்போது எவரிடமும் வேலை கேட்க வேண்டாம், "ஒரு வாரம் உடனிருந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள். குறைந்தது மூன்று வகையான இடங்களையாவது பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் நம் பட்டம் ஒன்றாக இருந்தாலும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் வாழ்க்கைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

நாமக்கல் பகுதியில் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு ஆலோசனை கூறும் மருத்துவருடன் ஒரு வாரம் செலவிட்டால், காலையில் இறந்த கோழிகளை அறுத்துப் பார்ப்பது, தீவனத்தைச் சோதிப்பது, தடுப்பூசி அட்டவணையைத் திருத்துவது என்று ஆயிரக்கணக்கான பறவைகளை ஒரே நோயாளியாகக் கருதும் மருத்துவம் எப்படிப்பட்டது என்பது புரியும். பல்லடம், உடுமலைப் பகுதிகளின் கறிக்கோழி நிறுவனங்களில் வேலை வேறு மாதிரியானது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்க, விவசாயி வளர்த்துத் தர, அவருக்கு வளர்ப்புக் கூலி கிடைக்கிறது. அங்கே மருத்துவரின் பெரும்பொழுது பண்ணை பண்ணையாகச் செல்வதிலும் விவசாயியிடம் பேசுவதிலும் கழியும். சென்னையிலோ கோவையிலோ உள்ள செல்லப்பிராணி மருத்துவமனையில் நாயை விட நாயின் உரிமையாளருடன் அதிக நேரம் பேச வேண்டியிருக்கும். கறவை மாடுகளின் மீது ஆர்வம் உள்ளவர்கள் ஆவின் ஒன்றியத்தின் மருத்துவருடனோ, கிராமத்துக் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவருடனோ செல்லலாம்; சினைப் பரிசோதனையும் மடிநோயும் செயற்கை முறைக் கருவூட்டலும் நாளின் பெரும்பகுதியாக இருக்கும்.

இந்த வாரங்களில் "இது எனக்கு வேண்டாம்" என்று தெரிந்துகொண்டாலும் அது வீணான வாரம் அன்று. மூன்றாண்டு கழித்துத் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 2: பயிற்சியின் முதல் நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வையுங்கள்

பயிற்சிக்கு முன் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்துகொள்வீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்றால், அதை இன்றே செய்யுங்கள்.

கல்லூரி கேட்கும் பதிவேடு தனி. நான் சொல்வது உங்களுக்கான குறிப்பேடு. நீங்கள் அருகில் நின்று பார்த்தவை, மூத்தவர் மேற்பார்வையில் செய்தவை, தனியே செய்தவை என மூன்று பகுதிகளாக எழுதிவாருங்கள். எட்டு மாதங்களில், கருப்பை அகற்றும் அறுவைகள் எத்தனை, கன்று ஈனும் சிக்கல்கள் எத்தனை என்பதற்கு உங்களிடம் நேர்மையான எண்கள் இருக்கும். நேர்காணலில் "எல்லாம் செய்வேன்" என்பவரை விட, "இதைப் பத்து முறை உதவியாளராகவும் இரண்டு முறை தனியாகவும் செய்திருக்கிறேன்" என்பவரையே நான் நம்புவேன்.

படி 3: எட்டாம் மாதத்தில் எழுதத் தொடங்குங்கள்

ஏன் எட்டாம் மாதம்? தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் ஒருவர் விலகும்போதுதான் அடுத்தவரைத் தேடுகின்றன. ஓராண்டுக்கு முன்பே கேட்டால் அவர்களால் பதில் சொல்ல முடியாது, கடைசி வாரத்தில் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும். நான்கு மாத இடைவெளி இருவருக்கும் பொருந்துகிறது. முன்பு ஒரு வாரம் உடனிருந்த மருத்துவர்களுக்கே முதலில் எழுதுங்கள். ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு, எந்தத் தேதியிலிருந்து பணியில் சேர முடியும் என்ற செய்தி, மேற்சொன்ன எண்கள் ஆகியவை போதும்.

படி 4: அரசுத் தேர்வையும் மேற்படிப்பையும் இணையாக வையுங்கள்

கால்நடை உதவி மருத்துவர் பணிக்கான அறிவிப்பு நம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019 நவம்பரில் 1,141 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டு, எழுத்துத் தேர்வை 2020 பிப்ரவரியில் நடத்தியது. அத்தகைய பெரிய அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் படிப்பை முடிப்பவர்களுக்கு வாய்ப்பதில்லை. ஆகவே நிரந்தரப் பதிவைச் செய்து, பாடங்களைத் தொடர்ந்து படித்துக்கொண்டே வேலைக்குச் செல்லுங்கள். அறிவிப்புக்காக வீட்டில் காத்திருக்கும் ஓராண்டில் கைப்பழக்கம் குறைவது உறுதி. எம்.வி.எஸ்சி. விரும்புவோர் அதன் நுழைவுத் தேர்வு பயிற்சிக் காலத்திற்குள்ளேயே வரக்கூடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இராணுவ விலங்குகளைப் பராமரிக்கும் ரீமவுண்ட் கால்நடைப் படையும், வங்கிகளின் வேளாண் அலுவலர் பணியும் நம் பட்டத்திற்குத் திறந்திருக்கும் வழிகள். பலர் இவற்றை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

படி 5: ஒப்புக்கொள்ளும் முன் ஒரு முழுநாள் அங்கே இருங்கள்

என் முதல் வேலையில், "முழுச் சுதந்திரம் உண்டு, எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னார்கள். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, தலை பின்னோக்கித் திரும்பிய நிலையில் கன்று சிக்கிக்கொண்ட மாட்டின் முன் தனியே நின்றபோதுதான், அந்தச் சொற்களுக்கு உதவிக்கு எவரும் இல்லை என்பதே பொருள் என்று விளங்கியது. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்றிருந்த மருத்துவர் ஒருவர் வந்து மாட்டைக் காப்பாற்றினார், கன்று பிழைக்கவில்லை. அந்த விவசாயியின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

எனவே சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: இரவு அழைப்புக்குச் செல்லும்போது நான் யாரைக் கூப்பிடலாம், அவர் எவ்வளவு நேரத்தில் வருவார்? முதல் மூன்று மாதங்களில் அறுவை சிகிச்சையில் என்னுடன் யார் நிற்பார்? இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் விலகினார்? கடைசிக் கேள்வியை அங்கே பணிபுரியும் உதவியாளரிடமும் கேட்டுப் பாருங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் கற்றுக்கொடுக்கும் மூத்தவர் இருக்கும் இடத்தையே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நான் பரிந்துரைப்பேன்.

படி 6: சேரும் தேதியைப் பதிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பயிற்சி முடிந்த மறுநாளே சேர்வதாக வாக்குக் கொடுக்காதீர்கள். 1984 ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவரே மருத்துவம் பார்க்க முடியும். பயிற்சி நிறைவுச் சான்று, பட்டத்தின் தற்காலிகச் சான்று, பிறகு மாநிலக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்க நாட்கள் பிடிக்கும். தேவையான ஆவணங்களைப் பதினொன்றாம் மாதத்திலேயே திரட்டி வையுங்கள். பதிவு எண் கைக்கு வந்த பிறகே மருந்துச் சீட்டில் கையொப்பமிடுவேன் என்பதைச் சேரவிருக்கும் இடத்தில் எழுத்து மூலமாகத் தெரிவித்துவிடுங்கள்.