டெல்டாவில் வீடு வாங்குகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் வீடு வாங்கப்போகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வீடு பார்க்கப் போக வேண்டும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் மாதங்களில் கொல்லைக் கிணறு நிரம்பி நிற்கும், மோட்டாரும் தடையின்றி இறைக்கும். மே மாதத்தில் அதே வீட்டின் நிலை வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் வேறு. அப்போது தண்ணீர் வருவது பிரச்சினையாக இருக்காது, போவதுதான் பிரச்சினை. முடிந்தால் கோடையில் ஒரு முறையும் மழையில் ஒரு முறையும் வீட்டைப் பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால், பார்க்காத பருவத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேளுங்கள். "மே மாதத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எப்படி அம்மா?" என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டால், தரகர் சொல்லாதது தெரிய வரும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பத்து லிட்டர் வாளி, டார்ச் விளக்கு, சாக்கட்டி, இரண்டு கண்ணாடி பாட்டில்கள், சொட்டு நீலம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் நல்லது. போவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லி மேல்தொட்டியை நிரப்பிவைக்கச் சொல்லுங்கள். அங்கே குறைந்தது மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டியிருக்கும். அதற்கு முகம் சுளிப்பவரிடம் வீடு வாங்க நான் யோசிப்பேன்.

படி 1: தொட்டியில் கோடு போடுங்கள்

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை இதுதான், ஏனெனில் இதற்கு நேரம் தேவை. மோட்டாரை நிறுத்துங்கள். எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். கழிப்பறை ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் வால்வையும் மறக்காமல் மூடுங்கள். மாடிக்குப் போய் மேல்தொட்டியில் நீர் நிற்கும் மட்டத்தில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் குழாயைத் தொடாமல் மற்ற இடங்களைப் பாருங்கள். வழக்கமான 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 8 முதல் 10 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். யாரும் பயன்படுத்தாத வீட்டில் அது எங்கே போனது? சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ கசிகிறது.

படி 2: காத்திருக்கும் நேரத்தில் சுவரைப் பாருங்கள்

குளியலறைக்கு மறுபக்கச் சுவர், மாடிக் குளியலறைக்குக் கீழே இருக்கும் கூரை, சமையலறைத் தொட்டியின் அடிப்பகுதி: இந்த மூன்று இடங்களும் பொய் சொல்வதில்லை. உப்புப் பூத்து வெள்ளையாக உதிரும் சுண்ணாம்பு, உப்பிய பெயின்ட், மற்ற இடமெல்லாம் பழையதாக இருக்க ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் புதிதாக அடித்த பெயின்ட் ஆகியவை கண்ணில் பட்டால் காரணம் கேளுங்கள்.

குழாய் எந்த வகை என்பதையும் இப்போதே பாருங்கள். பழைய வீடுகளில் ஜி.ஐ. இரும்புக் குழாய் இருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துருவும் உப்பும் படிந்து துளை சுருங்கியிருக்கும். அப்படியென்றால் வீடு முழுவதும் குழாய் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீசருக்குப் போகும் வெந்நீர்க் குழாய் சாதாரண பி.வி.சி.யாக இருக்கக் கூடாது, சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்தான் சரி.

வீட்டை வெளியே ஒருமுறை சுற்றி வாருங்கள். டெல்டாவின் களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். சுவரை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில்தான் குழாயின் இணைப்பு விட்டுப்போகும். கோடையிலும் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அடியில் கசிவு இருக்கிறது.

படி 3: எல்லாவற்றையும் ஒன்றாகத் திறங்கள்

இப்போது தொட்டிக் கோட்டைச் சரிபார்த்துவிட்டு, மூடிய வால்வுகளைத் திறந்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு குழாயின் கீழ் வாளியை வையுங்கள். பத்து லிட்டர் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் நல்ல ஓட்டம். இரண்டு நிமிடமானால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது மிகச் சிறியது. பிறகு குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து மறுபடி அளந்து பாருங்கள். காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் நடக்கப்போவது இதுதான்.

வேகம் குறைவு என்றால் உடனே குழாயைக் குறை சொல்ல வேண்டாம். நீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்திலிருந்து வருகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தின் அலகு). மாடி மேல் தரையோடு வைத்த தொட்டிக்கும் அதற்கு நேர் கீழே இருக்கும் ஷவருக்கும் இரண்டு மூன்று மீட்டர்தான் இடைவெளி. அதை வைத்துக்கொண்டு பெரிய மழை ஷவர் மாட்டியிருப்பது அழகுக்கு மட்டுமே.

மோட்டாரையும் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் நன்றாக இறைத்துவிட்டுப் பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பினால், போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) ஊறும் நீர் இறைக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. போரின் ஆழம், போட்ட ஆண்டு, மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

படி 4: தண்ணீரைச் சோதியுங்கள்

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடாமல் வையுங்கள். பிடித்தபோது தெளிவாக இருந்து, நேரம் போகப் போக மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. டைல்ஸ், துணி, வாளி எல்லாவற்றிலும் கறை ஏறும். அடியில் மணல் தங்கினால் போரின் வடிகட்டிக் குழாய் பழுதாகியிருக்கலாம்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500, 2012) குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில்தான் 2000 வரை. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருக்கும் இடங்கள் உண்டு. ஆழமாகப் போட்ட போர் என்பது அங்கே பெருமை அல்ல. அந்தப் பகுதிகளுக்குக் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர் வருகிறது. வீட்டில் அந்த இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று பாருங்கள். மீட்டர் காட்டும் எண் மட்டும் போதாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி முழுச் சோதனை செய்துகொள்ளலாம்.

படி 5: தண்ணீர் எங்கே போகிறது?

டெல்டா வீடுகளில் அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். பலர் ஒரு நிமிடம்கூடப் பார்க்காத இடமும் இதுதான்.

எல்லாக் கழிப்பறைகளிலும் ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். ஒன்றில் ஊற்றும்போது இன்னொன்றில் குமிழி வந்தாலோ, குளியலறைத் தரைத் துளையில் நீர் எதிர்த்து ஏறினாலோ வெளிக் குழாய் அடைத்திருக்கிறது அல்லது காற்றுக் குழாய் இல்லை. ஃபிளஷ் தொட்டியில் சொட்டு நீலம் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அழுத்தாமலே கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது. சிறு செலவுதான், அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். அதே நீலத்தை வாளியில் கலந்து ஊற்றி, எந்த சேம்பரில் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும், மூடி போட்ட குழியில்) வந்து சேர்கிறது என்று மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். எந்த சேம்பரிலும் வரவில்லை என்றால் நடுவில் எங்கோ மண்ணுக்குள் போகிறது. பழைய பீங்கான் குழாய் இணைப்புகளில் மர வேர் புகுந்து உடைத்திருப்பது சாதாரணம்.

கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற நகரங்களில் பாதாளச் சாக்கடை உண்டு. தெருவில் இருக்கிறது என்பதால் வீட்டுக்கும் இணைப்பு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ரசீதைக் கேளுங்கள். செப்டிக் டேங்க் வீடு என்றால், அது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது கழிவெடுத்தார்கள் என்று கேளுங்கள். கிணற்றுக்கும் போருக்கும் அது 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். குறுகிய மனைகளில் இது பெரும்பாலும் இருக்காது, பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்துப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து குனிந்து பார்க்காதீர்கள், யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். விஷவாயு நொடியில் கொல்லும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

முற்றம் வைத்த பழைய வீடுகளுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. நான்கு பக்கத்து ஓட்டிலிருந்தும் முற்றத்தில் விழும் மழைநீர், தரைக்கடியில் செல்லும் ஒரு குழாய் வழியாகத் தெருவுக்குப் போகிறது. அந்த வீட்டைக் கட்டியபோது தெரு தாழ்வாக இருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு இப்போது பல தெருக்கள் திண்ணையைத் தொடுகின்றன. கொத்தனாரை அழைத்து டியூப் லெவல் (நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, முற்றத்துத் தரைக்கும் தெருச் சாக்கடை வழியும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தெரு உயர்ந்திருந்தால் அடைமழையில் சாக்கடை நீர் முற்றத்துக்குள் வரும். தேக்குத் தூண்களின் அழகு அதைத் தடுக்காது. குழாயில் ஒருவழி வால்வு போடலாம். ஆனால் மழை நீடித்தால் உள்ளே சேரும் நீரை இறைக்கவும் ஒரு மோட்டார் வேண்டும். முற்றத்தின் தரையை உயர்த்தலாம் என்று சொல்வார்கள். தாழ்வாரத்தையும் அறைகளையும் சேர்த்து உயர்த்தாமல் அதனால் பயன் இல்லை.

படி 6: கண்டதை எழுதி விலை பேசுங்கள்

பார்த்த குறைகளை ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான பிளம்பர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டி ஒவ்வொன்றுக்கும் செலவு கேளுங்கள். குழாய் மாற்றுவது, தொட்டியை உயர்த்துவது போன்றவை பணத்தால் தீரும். அவற்றை விலையில் குறைக்கச் சொல்லலாம். தெருவைவிடத் தாழ்ந்த வீடும், உப்பு நீரும் பணத்தால் எளிதில் தீராதவை. அவை இரண்டும் சேர்ந்து இருக்கும் வீட்டை நான் எந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். விற்பவர் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டவற்றைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடிநீர் வரி ரசீது, சாக்கடை இணைப்பு ரசீது இரண்டையும் நிலுவை இல்லாமல் வாங்கிக்கொண்டு, பத்திரப் பதிவு முடிந்ததும் அந்த இணைப்புகளை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.