கசாண்ட்ரா கிளஸ்டரில் நோடைக் குறைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் சிலவற்றின் ஆர்டர் கணக்கு எங்கள் கசாண்ட்ரா கிளஸ்டரில் இருக்கிறது. பல மெஷின்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸாக ஓடுவது அது; ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு. ஏற்றுமதி சீசனுக்காக 4 நோடை 6 ஆக்கியிருந்தோம். ஷிப்மென்ட் எல்லாம் போன பிறகு ஒரு சாயங்காலம், சரவணம்பட்டி ஆபீஸில் கூட வேலை செய்யும் தம்பி கிராஃபைக் காட்டினான்: "அண்ணா, இது ரெண்டும் சும்மாதானுங்க இருக்கு. நிறுத்திரலாங்களா?"

முதல் தவறு இங்கேதான். சிபியூ ஓடவில்லை என்பதால் அந்த நோடுக்கு வேலையில்லை என்று ஆகிவிடாது. ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 3 என்றால், அதாவது ஒவ்வொரு வரிக்கும் 3 பிரதிகள் என்றால், 6 நோடில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதி டேட்டாவைச் சுமக்கிறது. இரண்டையும் சேர்த்து நிறுத்தினால், 3 பிரதிகளில் 2 அங்கேயே இருந்த வரிகளுக்கு கோரம், அதாவது பெரும்பான்மைப் பிரதிகளின் பதில், கிடைக்காது. ஆர்டரைத் திறந்தால் எரர்தான் வரும்.

போகிற நோடு உயிரோடு இருக்கும்போதே, அதிலேயே 'நோட்டூல் டீகமிஷன்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். தன் பங்கை மற்ற நோடுகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அது வெளியேறும். ஏற்கெனவே செத்துப்போன நோடு என்றால், வேறொரு நோடிலிருந்து அதன் ஹோஸ்ட் ஐடியைக் கொடுத்து 'ரிமூவ்நோடு'. சீக்கிரம் முடிகிறதே என்று 'அசாசினேட்' பக்கம் போகாதீர்கள். அது பெயரை மட்டும் அழிக்கும், டேட்டாவை நகர்த்தாது. வேறு வழியே இல்லாதபோதுதான் அது, அதற்குப் பிறகு பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேரும் ஓட்டியாக வேண்டும்.

டிஸ்க் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. 6 நோடும் 60 சதவீதம் நிரம்பியிருந்தால், 4 ஆனதும் ஒவ்வொன்றும் 90 சதவீதம். டேட்டா ஃபைல்களைச் சேர்த்துச் சுருக்கும் காம்பாக்‌ஷனுக்குக் காலி இடம் வேண்டுமே! எங்களுக்கு 35 சதவீதம்தான் நிரம்பியிருந்தது, அதனால் துணிந்தோம். நோடுகளின் எண்ணிக்கை ரெப்ளிகேஷன் ஃபேக்டருக்குக் கீழே போகவும் கூடாது.

புது நோடு முதலில் தொடர்புகொள்ளும் சீட் பட்டியலிலும் அப்ளிகேஷன் கான்ஃபிகிலும் பழைய ஐபி ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. முறையாக நீக்காமல் சும்மா நிறுத்தி வைத்த நோடை, ஒரு மாதம் கழித்து யாரோ ஆன் செய்வது. அழித்ததற்கான அடையாளத்தை, அதாவது டூம்ப்ஸ்டோனை, கசாண்ட்ரா இயல்பாக 10 நாள்தான் கட்டாயம் வைத்திருக்கும். அதற்கு மேல் கழித்து வரும் நோடு, தன்னிடம் அழியாமல் கிடந்த வரிகளை மறுபடி பரப்பிவிடும். கணக்கிலிருந்து அழித்த ஆர்டர் பட்டியலில் மீண்டும் வந்து நின்றால், கட்டிங் மாஸ்டர் அதை நம்பித் துணியை வெட்டிவிடுவார். ஆகவே மெஷினை வேறு வேலைக்குக் கொடுக்கும் முன் அதன் டேட்டா ஃபோல்டரைத் துடைத்துவிடுங்கள்.

அன்று ஒரு நோடை மட்டும் அனுப்பினோம். ஸ்டேட்டஸில் 'யூஎல்' (ஓடிக்கொண்டே வெளியேறுகிறது) என்று நின்ற வரி விடிகாலையில்தான் மறைந்தது. இரண்டாவதை மறுநாள் சாயங்காலம் தம்பியே ஆரம்பித்தான்.