பி.ஜி. டி.ஆர்.பி. ஆங்கிலம்: கைடை மூடிவிட்டு மூலத்தைத் திறங்கள்

தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு ஆங்கிலம் படிப்பவர்கள் முதலில் மதிப்பெண் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முதன்மைத் தாளில் 150 கேள்விகள், 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். மேஜர் எனப்படும் முதன்மைப் பாடமான ஆங்கிலம் 110, சைக்காலஜி என்று எல்லோரும் சொல்லும் கல்வியியல் 30, பொது அறிவு 10. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 75 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் தேர்ச்சி வேறு, வேலை வேறு. தரவரிசையில் மேலே வருவதை மேஜர்தான் முடிவு செய்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வு. 30 கேள்வி, 50 மதிப்பெண், 30 நிமிடம். 20 மதிப்பெண் வராவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கணக்குப்படி 12 கேள்விக்குச் சரியான விடை போதும். பள்ளியோடு தமிழை விட்டவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை ஒருமுறை முழுதாகப் படித்து, இலக்கணப் பயிற்சிகளைச் செய்துவிட்டால் பயமில்லை. ‘தமிழ்தானே’ என்று தொடாமல் போவதுதான் ஆபத்து.

இனி மேஜர். அறிவிப்போடு வாரியம் வெளியிடும் பாடத்திட்டத்தை அச்செடுத்து, அதில் பெயர் சொல்லியிருக்கும் ஒவ்வொரு கவிதை, நாடகம், நாவல், கட்டுரைக்கும் எதிரே ஒரு கட்டம் வரையுங்கள். மூலத்தைப் படித்த பிறகே கட்டத்தில் டிக். கோச்சிங் மெட்டீரியலில் சுருக்கம் படித்ததற்கெல்லாம் டிக் கிடையாது. கேள்விகள் சுருக்கத்திலிருந்து வருவதில்லை. இந்த வரியைச் சொல்வது யார், இந்தப் பாத்திரத்துக்கு என்ன உறவு, இவற்றில் எது முதலில் வந்தது என்றுதான் கேட்பார்கள்.

சாசரின் ‘கேன்டர்பரி டேல்ஸ்’ முன்னுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘யாத்ரீகர்கள் வழியில் கதை சொல்கிறார்கள்’ என்று கைடில் இருக்கும். மூலத்தில் இருப்பவை வேறு: சதக்கில் உள்ள டாபர்ட் விடுதி, சாசர் சொல்லும் 29 பேர், ஆளுக்குப் போகும்போது இரண்டும் வரும்போது இரண்டுமாகக் கதை சொல்ல வேண்டும் என்ற விடுதிக்காரரின் ஏற்பாடு, ஐந்து கணவர்களைக் கண்ட, காது சற்று மந்தமான பாத் நகரத்துப் பெண். கேள்வி எடுப்பவர் கை வைப்பது இங்கேதான். நவீன ஆங்கில வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் முன்னுரைக்கு மூன்று நாள் போதும்.

கவிதையை மூன்று முறை படியுங்கள். முதல் முறை வாய்விட்டு. இரண்டாம் முறை பெயர், எண், இடம், புராணக் குறிப்பு எல்லாவற்றையும் அடிக்கோடிட்டு. ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, யார் யாரிடம் சொல்கிறார், அடுத்து என்ன வருகிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தடுமாறும் இடத்தை நோட்டில் எழுதுங்கள்.

நாவலுக்கு அரைப்பக்கம் போதும்: கதை சொல்பவர், இடம், உறவு முறை, தொடக்க வாக்கியம், முடிவு, துணைத் தலைப்பு. துணைத் தலைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ நாயகன் இல்லாத நாவல், ஹார்டியின் ‘டெஸ்’ ஒரு தூய பெண், ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாட்டுப்புற வாழ்வின் ஆய்வு. பொருத்துக வகைக் கேள்விக்கு இவை அப்படியே பொருந்தும்.

மதிப்பெண் அதிகம் போவது தெரியாத இடத்தில் அல்ல, பாதி தெரிந்த இடத்தில். ஆகவே குழப்பங்களுக்கென்றே தனி நோட்டு போடுங்கள். ஸ்பென்சரின் ‘எபிதலேமியன்’ (1595) அவருடைய சொந்தத் திருமணத்துக்கு எழுதியது. ‘புரோதலேமியன்’ (1596) வூஸ்டர் பிரபுவின் இரு மகள்களின் திருமணத்துக்கு. தேம்ஸ் நதியை மெல்ல ஓடச் சொல்லும் பல்லவி இரண்டாவதில் வருகிறது. அதே வரி டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ (1922) மூன்றாம் பகுதியிலும் வரும் என்பதால், வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொள்வார். ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667-ல் 10 பாகம், 1674-ல் 12 பாகம். ‘தி ரேப் ஆஃப் தி லாக்’ 1712-ல் இரண்டு காண்டம், 1714-ல் ஐந்து. ‘லிரிக்கல் பேலட்ஸ்’ வெளிவந்தது 1798; வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற முன்னுரை 1800 பதிப்பில்தான் சேர்ந்தது. பேக்கனின் கட்டுரைகள் 1597-ல் 10, 1612-ல் 38, 1625-ல் 58. கேள்வியில் ‘முதல் பதிப்பு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடை போடுங்கள்.

அலகு அலகாகப் படித்ததைக் குறுக்கே அடுக்கிப் பார்ப்பதும் அவசியம். இரங்கற்பாக்களையே ஒரு பக்கத்தில் எழுதலாம்: ‘லிசிடஸ்’ எட்வர்ட் கிங்குக்கு, ‘அடோனைஸ்’ கீட்ஸுக்கு, ‘இன் மெமோரியம்’ ஆர்தர் ஹாலமுக்கு, ‘திர்சிஸ்’ ஆர்தர் ஹியூ கிளஃபுக்கு, விட்மனின் லைலாக் கவிதை லிங்கனுக்கு. கால வரிசைக் கேள்விக்கும் இதே பக்கம் உதவும்.

திறனாய்வில் கருத்து, கட்டுரை, ஆண்டு மூன்றும் சேர்ந்தே மனதில் நிற்க வேண்டும். ‘ஆப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்’ (ஓர் உணர்ச்சியை எழுப்பும் பொருள், சூழல், நிகழ்ச்சிகளின் தொகுப்பு) டி.எஸ். எலியட்டின் ஹேம்லட் கட்டுரையில் (1919). ‘டிசோசியேஷன் ஆஃப் சென்சிபிலிட்டி’ (சிந்தனையும் உணர்வும் பிரிந்துபோவது) மெட்டஃபிசிக்கல் கவிஞர்கள் பற்றிய கட்டுரையில் (1921). கவிஞரின் மனதை வினையூக்கியாக நிற்கும் பிளாட்டினத்துக்கு ஒப்பிடும் உவமை ‘டிரெடிஷன் அண்ட் தி இண்டிவிஜுவல் டேலன்ட்’டில் (1919). மூன்றுக்கும் ஒரே ஆசிரியர் என்பதால்தான் மாறிப்போகிறது. கோல்ரிட்ஜின் கற்பனைக் கோட்பாடு ‘பயோகிராஃபியா லிட்டரேரியா’ 13-ஆம் அத்தியாயம். அவநம்பிக்கையை விரும்பித் தள்ளிவைப்பது 14-ஆம் அத்தியாயம்.

மொழியியலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அளவில் சிறியது, ஒருமுறை புரிந்தால் மறக்காது. தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒலியனும் (மாறினால் பொருளும் மாறும் ஒலி) மாற்றொலியும் (ஒரே ஒலியனின் வெவ்வேறு ஒலிப்பு) எளிது: கல், பகல், தங்கம் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒலித்தாலும் பொருள் மாறாது. அவை மாற்றொலிகள். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் அவை இரு தனி ஒலியன்களால் வேறுபடும் மினிமல் பேர், அதாவது ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொல் இணை. ஆர்.பி. (ரிசீவ்டு புரொனன்சியேஷன்) எனப்படும் பிரிட்டிஷ் தர உச்சரிப்பின் 44 ஒலியன்களை, 12 தனி உயிர், 8 இணையுயிர், 24 மெய் என்று பிரித்து, ஒலிப்பிடத்தோடு அட்டவணையாக எழுதிப் பழகுங்கள்.

கல்வியியலுக்கு பி.எட். நோட்டே போதும்: பியாஜேயின் நான்கு நிலைகள், கோல்பர்க்கின் மூன்று மட்டங்கள், புளூமின் 1956 வகைப்பாடும் 2001 திருத்தமும், கோத்தாரி குழு, கல்வி உரிமைச் சட்டம் 2009. இந்த 30-ல் 25 எடுப்பது மேஜரில் கூடுதலாக 25 எடுப்பதைவிட எவ்வளவோ எளிது. பொது அறிவின் 10-க்காக வாரக்கணக்கில் உட்கார வேண்டாம்.

ஆறு மாதம் கையில் இருந்தால் பாடத்திட்டத்தின் பத்து அலகுக்கும் இரண்டிரண்டு வாரம், மீதி திருப்புதலுக்கு. ஆனால் சாசரில் தொடங்கி வரிசையாகப் போகாதீர்கள். முதல் அலகு தலைகீழாகத் தெரிந்து, இந்திய ஆங்கில இலக்கியத்தைத் திறக்காமலே தேர்வுக்குப் போகிறவர்கள் நிறைய. பழைய கால இலக்கிய அலகு ஒன்று, புதிய கால அலகு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுங்கள். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் மூன்று வாரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

தேர்வறையில் கேள்விக்கு 72 விநாடி. தெரிந்ததை முதல் சுற்றில் முடித்து, சந்தேகமானதைக் குறித்துவிட்டு நகருங்கள். ஓ.எம்.ஆர். தாள் என்றால் பக்கத்துக்குப் பக்கம் ஷேடு செய்துவிட வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாகச் செய்தால் ஒரு வரிசை தவறினாலே பின்னால் உள்ளதெல்லாம் தவறிவிடும். எதையும் காலியாக விடாதீர்கள்.

தற்காலிக ஆன்சர் கீ வந்ததும் உங்கள் விடைகளோடு ஒப்பிடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கத் தரமான பாடநூல், மேற்கோள் நூல்களின் ஆதாரம் வேண்டும். கைடுகளையும் கோச்சிங் சென்டர் நோட்ஸையும் வாரியம் ஏற்பதில்லை. அவகாசம் சில நாள்தான். ஆகவே படிக்கும்போதே நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் நூலின் பெயர், பதிப்பு, பக்க எண்ணை எழுதி வையுங்கள்.