பருவகால ஒவ்வாமை: மட்டக்களப்பு, அம்பாறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருடா வருடம் ஒரே மாதத்தில் வந்து, மூன்று நாலு கிழமை நின்று, காய்ச்சல் இல்லாமலே போகும் தும்மலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் ஒவ்வாமைதான். பலர் அதைத் தடிமன் என்றே நினைத்து மருந்தெடுக்கிறார்கள். மற்றத் தவறுகள் எல்லாம் இந்த முதல் தவறிலிருந்துதான் பிறக்கின்றன.

தடிமன் வைரசால் வருவது. தொண்டை நோ, உடம்பு உளைவு, சில வேளை காய்ச்சலும் இருக்கும். பெரும்பாலும் பத்து நாளுக்குள் ஆறிவிடும். ஒவ்வாமையில் தும்மல் அடுக்கடுக்காக வரும், மூக்கு தண்ணீர் போல ஒழுகும், மூக்கும் அண்ணமும் கண்ணும் அரிக்கும். அரிப்புத்தான் முக்கியமான அடையாளம். ஆபத்தில்லாத தூசியையோ மகரந்தத்தையோ உடல் எதிரியாக எடுத்துக்கொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைக்கிறது. அடுத்த முறை அதே பொருள் மூக்கில் பட்டவுடன் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் வெளியாகி அரிப்பும் நீரும் வீக்கமும் வருகின்றன. இங்கே கிருமியே இல்லை. அமொக்சிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தை வாங்கி விழுங்குவதால் எந்தப் பயனும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் பாரதூரமானது. காய்ச்சல் இருந்தால் ஒவ்வாமை என்று சொல்லி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மாரியிலும் அதை அடுத்தும் டெங்கு வரும் காலம். இபுபுரூஃபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் எதையும் கொடுக்காமல், பரசிற்றமோலை மட்டும் அளவோடு கொடுத்து, வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும்.

எது காரணம் என்று பாராமல் விடுவது

குளிர்நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வசந்தகால மகரந்தத்தைத் தேடுவதில் அர்த்தமில்லை. எங்கள் பருவங்கள் வேறு. மாரியில் சுவரிலும் அலுமாரியிலும் காயாத உடுப்பிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக்காற்றில் மெத்தை, தலையணைகளில் தூசிச் சிற்றுண்ணிகள் பெருகும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை பெரும்போக வெட்டு: வெட்டு மெசின் கிளப்பும் தூசி, நெல்லின் சுணை, ஈர வைக்கலில் இருந்த பூஞ்சண வித்துகள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வறண்டு வீசித் தெருப்புழுதியை வீட்டுக்குள் கொண்டுவரும். ஆடி, ஆவணியில் சிறுபோக வெட்டோடு மறுபடியும் அதே தூசி. வைக்கல் எரிக்கும் புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல. ஆனால் ஏற்கெனவே வீங்கிய மூக்கையும் சுவாசக் குழாயையும் அது இன்னும் எரிச்சலூட்டும்.

கலண்டரில் இரண்டு மாதம் குறித்துப் பாருங்கள்: எந்த நாள், எந்த நேரம், எங்கே நின்றபோது. விடியற்காலை எழும்பும்போதே தும்மல் என்றால் படுக்கையைச் சந்தேகியுங்கள். வட்டைக்கு (வயலுக்கு) போன நாளில் மட்டும் என்றால் வெட்டுத் தூசி. இந்தக் குறிப்பு இருந்தால் வைத்தியருக்கும் பாதி வேலை குறையும்.

தும்பு மெத்தையையும் இலவம்பஞ்சுத் தலையணையையும் வெயிலில் போட்டால் போதும் என்பது பாதிதான் சரி. கடும் வெயிலில் சிற்றுண்ணி குறையலாம், ஆனால் ஒவ்வாமையைத் தூண்டும் அதன் கழிவு அப்படியே இருக்கும். விரிப்பு, உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை செல்சியஸ் சுடுதண்ணீரில் தோய்க்க வேண்டும். மெத்தையைத் தட்டுவதென்றால் வெளியில், ஒவ்வாமை இல்லாத ஒருவர் தட்டட்டும். உலர்ந்த தும்புத்தடியால் கூட்டும்போது தூசி எழும்பி நெடுநேரம் காற்றில் நிற்கும். ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பிள்ளையின் தலை காய சாம்பிராணிப் புகை பிடிப்பதையும், மூடிய அறையில் நுளம்புத்திரி கொளுத்துவதையும் நிறுத்துங்கள். படுக்கும்போது நுளம்புக்கு வலை போதும்.

வெட்டு நேரத்தில் முகத்தில் துவாய் கட்டினால் பெரிய துகள்தான் நிற்கும். என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டியிருந்தால் நுண்தூசியையும் தடுக்கும். வட்டையால் வந்த உடுப்போடு கட்டிலில் சாயாமல், தலை முழுகி உடுப்பு மாற்றிவிட்டுப் படுக்க வேண்டும்.

மருந்தில் விடும் தவறுகள்

மூக்கடைப்புக்குப் போடும் ஒக்சிமெட்டசொலின், சைலோமெட்டசொலின் துளிகள் சில நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். அதனால்தான் பலர் அதை மாதக்கணக்கில் கைவிடுவதில்லை. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து அது. ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்னையைவிட வீங்கும், மூக்கு திரும்ப அடைக்கும், திரும்பத் துளி. கடைசியில் துளியே வருத்தமாகிவிடும்.

தும்மல், அரிப்பு, நீர்வடிதலுக்குச் செட்ரிசின் அல்லது லொராட்டடின், பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், பொதுவாகப் போதும். குளோர்பெனிரமின் நித்திரையாக்கும், அதைப் போட்டுவிட்டு உழவு மெசின், மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. செட்ரிசினும் சிலரை மயக்கும், ஆகையால் முதல் குளிசையை இரவில் போட்டுப் பாருங்கள்.

அடைப்புத்தான் பெரிய தொல்லை என்றால் குளிசை அவ்வளவு கேட்காது. அதற்கு வைத்தியர் எழுதும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று எறிபவர்கள் ஏராளம். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு கிழமை ஆகலாம், தினமும் அடிக்க வேண்டும். பெரும்போக வெட்டில் வழக்கமாக அவதிப்படுபவர் தை நடுவிலேயே தொடங்குவது நல்லது. அடிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது: தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து தொண்டைக்குப் போகும், நடுத்தண்டை நோக்கி அடித்தால் புண்ணாகி இரத்தம் வரும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்குத் துவாரத்திலும் இடது கையால் வலதிலும், முனையைக் காதுப்பக்கம் சாய்த்து அடித்து, மெதுவாக மூச்சை உள்ளே எடுங்கள்.

உப்புத் தண்ணீரால் மூக்குக் கழுவுவது நல்ல வழி. ஆனால் கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ நேரே விடக்கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா ஒன்று உண்டு, அரிதென்றாலும் உயிரைக் குடிக்கும். கொதிக்கவைத்து ஆறிய 250 மில்லிலீற்றர் தண்ணீருக்கு கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பு. சின்னப் பிள்ளைகளை ஆவி பிடிக்க வைக்க வேண்டாம். சட்டி கவிழ்ந்து சுடும்.

பிரட்னிசலோன் குளிசையையும் ஸ்டீராய்டு கண்துளியையும் தானாக வாங்கிப் பாவிக்காதீர்கள். கண்துளி கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையையே பறிக்கலாம். அரிக்கும் கண்ணைக் கசக்காமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் ஓரளவு அடங்கும். தோடம்பழம், வாழைப்பழம், தயிர் எல்லாம் ‘குளிர்’ என்று பிள்ளைக்கு நிறுத்துவதும் வீண். தூசி ஒவ்வாமைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

நெஞ்சை மறப்பது

மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு முட்டும் (ஆஸ்துமா) இருக்கும். இரவில் இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சில் விசில் சத்தம் இருந்தால் தும்மல் குளிசையோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் போங்கள். பம் (மருந்தை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர்) பழகிவிடும் என்ற பயத்தில் பலர் தடுப்புப் பம்மை நிறுத்திவிட்டு நீல நிறப் பம்மை மட்டும் வைத்திருக்கிறார்கள். நீலம் குழாயை அந்த நேரத்துக்கு விரிக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது தடுப்புப் பம்தான். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாத அளவு மூச்சு முட்டினாலோ உதடு நீலித்தாலோ, ஆளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்தி, நீலப் பம்மைக் கொடுத்தபடி 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.